முழங்காலில் இரண்டு தட்டு

சனிக்கிழமை சாயங்காலம் பாரின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த சவுண்டுக்காரர் கம்பி, வாசலிலேயே நின்றுவிட்டார். அறையின் நட்டநடுவில் ஒரு முக்காலி நின்றது. அதன் உச்சியில் பென்சில் பருமனில் ஒரு மைக். அதிலிருந்து கிளம்பிய வயர் தரையில் ஊர்ந்து போய் ஒரு மடிக்கணினியில் ஏறியிருந்தது. மடிக்கணினிக்கு முன்னால், முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்பீக்கர் கம்பெனி இன்ஜினியர்," என்றார் முதலாளி, கல்லாவுக்குப் பின்னாலிருந்து. "மூணு பேண்டு முடியறவரைக்கும் இருந்து அளந்து பாக்கப்போறாங்க. ஸ்பீக்கர் பெட்டியில கோளாறா, இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்."

"நல்லதுதானே," என்று வாய் சொன்னது. மனசு கணக்குப் போட்டது.

பெட்டியில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால், பாக்கி இருப்பது என்ன? சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, அப்புறம் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கு முன்னால் உட்கார்கிற ஆள் இருக்கிறார். சுவரும் கூரையும் இருபத்தாறு வருஷமாக இடம் மாறவில்லை.

அந்த பாரில் சனிக்கிழமைதோறும் உள்ளூர் பேண்டுகள் மூன்று வாசிக்கும். வாரம் முழுக்க லாரி ஓட்டியவர்களும் கடையில் நின்றவர்களும் ஆபீஸில் குனிந்து கிடந்தவர்களும் அன்றைக்கு மட்டும் கிட்டார் மாட்டிக்கொண்டு மேடை ஏறுவார்கள். வாசிப்பு சுமாராக இருந்தாலும் கேட்க வருகிறவர்கள் பெரிய மனசுக்காரர்கள். அவர்களாலேயே தாங்க முடியாமல் போனது சத்தம்தான். இரண்டு வருஷமாக ஒரே புகார். காதில் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கிறது, டிரம்ஸில் தாளத்தட்டை அடித்தால் பல் கூசுகிறது, பாடுகிறவன் வாயைத் திறந்தால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது. ஆட்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கதவோரமாக நகர்ந்தார்கள். பிறகு கதவுக்கு வெளியே நின்று குடித்தார்கள். பிறகு வேறு கடைக்குப் போனார்கள்.

முதலாளி கேட்டபோது கம்பி ஸ்பீக்கர்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பழசாயிடுச்சு முதலாளி, உள்ள இத்துப்போச்சு," என்றார். அது பொய்யில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் முழுமனசாக நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு வசதிப்படவில்லை. முதலாளி புதுப் பெட்டிகள் வாங்கிப் போட்டார். புதுப் பெட்டிகள் மாட்டிய முதல் சனிக்கிழமை, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் இரண்டாவது பாட்டு முடிவதற்குள்ளேயே காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். அதன் விளைவுதான் அந்த முக்காலி.

கம்பி என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. ஆளும் கம்பி மாதிரி, சட்டைப் பை இரண்டிலும் கம்பித் துண்டுகள், அதனால் வந்த பெயர். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீஷியன். மணி அடிக்காவிட்டால் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றாவிட்டால் கூப்பிடுவார்கள், மற்றபடி அப்படி ஒருவர் இருப்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. சனிக்கிழமை மிக்ஸருக்கு முன்னால் உட்காரும்போதுதான் அவர் ஒரு ஆள். இருபத்தாறு வருஷம். மிக்ஸர் பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

ஒரு காலத்தில் அந்தக் காதுக்குத் தனி மரியாதை இருந்தது. மைக் கூவத் தொடங்கினால் மற்றவர்கள் பதறி எழுவதற்குள் அவர் கை சரியான குமிழுக்குப் போயிருக்கும். வீட்டில் கெட்டில் விசிலடித்தால், "இது ரெண்டாயிரத்து ஐந்நூறு ஹெர்ட்ஸ்," என்பார். லிஃப்ட் மணி கேட்டால், "தொள்ளாயிரம், கொஞ்சம் கம்மி," என்பார். "முதல்ல அடுப்ப அணைங்க, அப்புறம் எண்ணிக்கலாம்," என்பாள் மனைவி.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் நாளில்தான் அது தெரியவந்தது. டிஜிட்டல் வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டு, அது கத்தட்டும் என்று காத்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. சமையலறையிலிருந்து வந்த மனைவி, "அது எப்பவோ கத்தி ஓஞ்சுபோச்சே, இன்னும் என்ன சப்பிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று ராத்திரி குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஒவ்வொரு ஒலியாக ஓடவிட்டுப் பார்த்தார். மூவாயிரம் வரை கேட்டது. நாலாயிரத்துக்கு மேல் கத்தியால் வெட்டின மாதிரி ஒன்றுமில்லை. திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் காகிதத்தில் எழுதுவார். எழுதிவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது.

மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் படுக்கைவிரிப்புகளை இயந்திரத்தில் விட்டுத் தேய்க்கிறவள். எதையும் நீட்டிப் பேசத் தெரியாது. "நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். உங்களுக்குக் கேக்காதது எனக்குக் கேக்கும்ல," என்றாள். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து மிக்ஸருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்தது. பேசினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால், இருட்டில் மேசைக்கு அடியில் அவர் முழங்காலில் அவள் கை இருக்கும். ஒரு தட்டு என்றால் மைக் கூவப் பார்க்கிறது. இரண்டு தட்டு என்றால் பாடுகிறவர் குரல் தெளிவாக இல்லை, மேல்தொனியின் கூர்மையைக் கூட்ட வேண்டும். கை சும்மா இருந்தால் எல்லாம் சரி.

"என்ன அண்ணே, அண்ணி முழங்கால விடவே மாட்டேங்கறாங்க? கல்யாணம் போன வாரந்தானா?" என்று பரிமாறுகிறவர் கிண்டலடிப்பார். கம்பி அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். மனைவி தலைமுடியைக் காதுக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கம்பியும் அப்படித்தான் நினைத்தார்.

இன்ஜினியர் பெண் முதலில் ஸ்பீக்கர்களைத் தனியாகச் சோதித்தாள். மழை இரைகிற மாதிரி ஒரு சத்தத்தை ஓடவிட்டுத் திரையைப் பார்த்தாள். கோடு அலுங்காமல் படுத்திருந்தது.

"பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள்.

"ஆளுங்க வந்து உக்காந்தா வேற மாதிரி ஆயிரும்மா," என்றார் கம்பி அவசரமாக. "இந்தப் பக்கம் பூரா கண்ணாடிச் சுவர் பாருங்க."

"அதுக்குத்தான் இருக்கேன். பாட்டு ஓடும்போதும் பாத்திரலாம்." சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்கு வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். இடப்பக்கம் மனைவி. நடுவில் கம்பி, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நடத்திச் செல்லப்படுகிறவனைப் போல.

அந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. பெயிண்ட் தொழிற்சாலையில் வண்ணம் கலக்கிறவன். அன்றைக்கு மூன்றாவதாக வாசிக்கிற பேண்டின் பாடகன். கழுத்தில் மஃப்ளர், கையில் ஒரு ஃப்ளாஸ்க்.

"என்னடா இது கோலம்?" என்றாள் அக்கா.

"வெந்நீர்க்கா. தேன் போட்டது. ரெண்டு வாரமா வேற எதையும் தொடல."

"பாருக்கு வந்து வெந்நீர் குடிக்கற ஒரே ஆளு நீதாண்டா," என்றார் கம்பி.

மைத்துனன் சிரிக்கவில்லை. "அத்தான், பசங்ககிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கோட நான் நிறுத்திக்கறேன்."

"எதை?"

"பாடறதத்தான். தொண்டை டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன். ஒண்ணுமில்லைங்கறாரு. ஆனா நான் வாயத் தொறந்தாலே ஜனம் காதப் பொத்துதே, அது ஒண்ணுமில்லையா? போன மாசம் ஒருத்தர் என் முகத்துக்கு நேராவே சொன்னாரு, உங்க குரல்ல துருப்பிடிச்ச கீல் சத்தம் வருதுன்னு. எதுக்கு அத்தான் அடுத்தவங்களக் கஷ்டப்படுத்தணும்?" ஃப்ளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஊதிக் குடித்தான். "கடைசி நாளு. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

கம்பி மிக்ஸர் பக்கம் குனிந்துகொண்டார். "போடறேன், போ," என்றார்.

முதல் பேண்டு ஏறியது. நாலு பேர், இரண்டு கிட்டார். பாடியவர் பாதி கண்ணை மூடிக்கொண்டு மைக்கைத் தின்றுவிடுவதைப் போல நின்றார். முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே முழங்காலில் தட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு. கம்பி கூர்மைக் குமிழைக் கொஞ்சம் திருகினார். அவர் காதுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. மறுபடியும் ஒன்று, இரண்டு. இன்னும் கொஞ்சம் திருகினார். கை சும்மா இருந்தது. கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டினார். இன்ஜினியர் பெண்ணின் திரையில், சாயங்காலம் சமவெளியாகக் கிடந்த கோடு, கடைசிப் பகுதியில் ஒரு மேடாக எழும்பியிருந்தது. அவள் அந்த மேட்டையும் கம்பியின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

அந்த மௌனம்தான் கம்பியைக் கொன்றது. கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடலாம். கண்ணாடிச் சுவர், தாழ்ந்த கூரை, நடுவில் நிற்கிற தூண், குளிர்பெட்டியின் இரைச்சல் என்று அவரிடம் பதில்கள் வரிசையாக நின்றன. கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டாவது பேண்டுக்கு மேளம் அடித்தவர் தாளத்தட்டின் மேல் ஏதோ ஜென்மப் பகை மாதிரி அடித்தார். முன்வரிசை பாதி காலி. முதலாளி கல்லாவை விட்டு வந்து தூணில் சாய்ந்து நின்றார். கண் மேடையில் இல்லை. கம்பியின் முதுகுக்கு அந்தப் பார்வை தெரிந்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று முழங்காலில் தட்டு. திருகினார். கதவோரம் நின்ற ஒருவர் வெளியே போனார். யாரோ எதற்கோ சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தார்.

இரண்டாவது பேண்டு இறங்கியதும் இன்ஜினியர் பெண் அவர் பக்கம் குனிந்தாள். "சார், ஒரு சின்னச் சோதனை. அஞ்சு நிமிஷம் போதும்." மிக்ஸரில் ஒரு வயரைச் சொருகினாள். மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். "இது உங்களுக்கு எப்படி இருக்கு? எரிச்சலா இருக்கா, பரவாயில்லையா?"

கம்பிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முழங்காலைக் கவனித்தார். மனைவியின் கை அங்கேதான் இருந்தது. அசையாமல், இதமாக, எல்லாம் சரி என்று இருந்தது. அப்படியென்றால் இன்னும் சத்தத்தைத் தொடங்கவில்லை. அல்லது மெல்லிய சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ரசித்துக் கேட்கிறவர் மாதிரி இரண்டு நொடி எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு எதிரே பார்த்தார். பரிமாறுகிறவர் தட்டை மேசையில் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். தூணோரம் முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை வீசி வீசி, நிறுத்து நிறுத்து என்று ஏதோ கத்தினார். மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த மைத்துனன் தோளைக் காது வரை உயர்த்திக்கொண்டு நின்றான். அறை முழுக்க ஆட்கள் நெளிந்தார்கள். கேட்காத ஒரு மழையில் எல்லோரும் நனைந்துகொண்டிருக்க, அவரும் அவர் மனைவியும் மட்டும் குடைக்குள் இருப்பது போலச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஜினியர் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் கையை இறக்கினார்கள்.

"சரி சார்," என்றாள் மெதுவாக. அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கம்பி எழுந்தார். மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். பின்கதவு வழியே, காலி பாட்டில் அடுக்கியிருந்த சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன் தட்டல?"

"எதுக்கு?"

"எதுக்கா? ஊரே காதப் பொத்திக்கிட்டு நிக்குது, நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க! என்னை மாட்டிவிடணும்னே கங்கணம் கட்டிக்கிட்டியா?"

"லேசா ஏதோ கீச்சுன்னுச்சு. குளிர்பெட்டின்னு நினைச்சேன்."

"லேசாவா?"

சந்தின் மஞ்சள் விளக்கு அவள் பக்கவாட்டு முகத்தில் விழுந்தது. கையை உதறிக்கொண்டதில் முடி விலகியிருந்தது. காதுத் துளைக்குள் விளக்கைவிட மஞ்சளாக ஒன்று தெரிந்தது. கம்பி கையை நீட்டி அதைப் பிடுங்கினார். சுண்டுவிரல் நுனி அளவு நுரைக் கட்டை. சலவைக் கூடத்தில் இயந்திர இரைச்சலுக்காகக் காதில் திணிக்கக் கொடுப்பது.

"இது என்ன?"

அவள் மற்றக் காதைக் கையால் மூடிக்கொண்டாள். அப்புறம் அதில் அர்த்தமில்லை என்று தெரிந்து கையை எடுத்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து."

"நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னியே!"

"இதைப் போட்டுக்கிட்டு நல்லாத்தாங்க இருந்துச்சு." குரல் உடைந்தது. "முதல் வாரம் வீட்டுக்குப் போயி ராத்திரி பூரா தலைவலி. கச்சேரின்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு நினைச்சேன். வலிக்குதுன்னு சொன்னா நீங்க என்னை வீட்டுல விட்டுட்டுத் தனியா வந்திருவீங்க. தனியா வந்து என்ன பண்ணுவீங்க?"

கம்பி நுரைக் கட்டையை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே நின்றார். அழுத்தினால் சுருங்கியது, விட்டால் மெல்ல உப்பியது. இதைக் காதில் வைத்தால் முதலில் சாவது கூர்மைதான். குரல் மங்கும். மங்கினால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு விழுந்தால் அவர் கூட்டுவார். கூட்டினால் அவளுக்கு வலிக்கும், அவள் இன்னும் உள்ளே தள்ளிவைப்பாள். மறுபடி குரல் மங்கும். மறுபடி இரண்டு தட்டு. வாரா வாரம், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அறை முழுக்க ஆட்களின் காதில் ஆணி அடித்திருக்கிறார்கள். கூட்டு என்பதற்குத் தட்டு வைத்தார்கள். கூர்மையைக் குறை என்பதற்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவே இல்லை.

"உன் தம்பி தொண்டை டாக்டர்கிட்டப் போயிருக்கான்," என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே மேளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. மூன்றாவது பேண்டு தயார். இப்படியே பின்வழியாக நடந்து பஸ் ஏறிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. திங்கள்கிழமை சாவியை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம். யாரும் எதையும் காகிதத்தில் எழுத வேண்டாம்.

"மத்ததையும் எடு," என்றார். "கூட்டணும்னா தட்டு. குறைக்கணும்னா கிள்ளு."

மிக்ஸருக்குத் திரும்பினார்கள். இன்ஜினியர் பெண் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தாள். முதலாளி தூணிலேயே நின்றார். மைத்துனன் மஃப்ளரைக் கழற்றி மைக் கம்பத்தில் தொங்கவிட்டு, யாரையும் பார்க்காமல் பாட ஆரம்பித்தான்.

முதல் வரி முடியவில்லை, தொடையில் சுருக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. குறைத்தார். மறுபடி கிள்ளு. குறைத்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. வலியில்தான். அந்த முதல் வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் அவருடைய வேலையை அப்படியே கேட்கிறாள். மறுபடி கிள்ளு. குமிழ் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. கம்பிக்கு மைத்துனனின் குரல் மெல்ல மெல்ல அமுங்கியது. கம்பளியைப் போட்டு மூடின மாதிரி ஆயிற்று. பிறகு கிணற்றுக்குள் இறங்கின மாதிரி. வாய் அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் வரவில்லை. இது தப்பு, ஆளே காணாமல் போய்விட்டான், ஏற்று ஏற்று என்று இருபத்தாறு வருஷக் கை துடித்தது. விரல் குமிழை நோக்கிப் போனது. மேசைக்கு மேலேயே, எல்லோரும் பார்க்க, மனைவி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவருக்கு வேறு வழியில்லை, முகங்களைப் பார்த்தார். கதவோரம் நின்றவர் திரும்பி நின்றார். வெளியே குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கதவுக்குள் தலையை நீட்டினார்கள். முன்வரிசைக் காலி நாற்காலி ஒன்றை யாரோ இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர் ஒரு மேசைக்கு அருகே தட்டை ஏந்தியபடியே நின்றுவிட்டார். அறையில் பேச்சு இல்லை. பேச்சில்லாதது கம்பிக்கு நன்றாகவே கேட்டது, ஏனென்றால் பேச்சு அவருக்கு எட்டுகிற ஒலி. மைத்துனன் அவர்களைப் பார்த்து மிரண்டு, ஒரு வரியை எடுக்க மறந்து, சுதாரித்துக்கொண்டு, அடுத்த பாட்டைக் கண்ணைத் திறந்துகொண்டே பாடினான்.

கிள்ளு நின்றது. கை சும்மா இருந்தது. கம்பிக்கு மட்டும் அந்தப் பாட்டு கடைசிவரை கிணற்றுக்குள்ளேயே கிடந்தது.

எல்லாம் முடிந்து விளக்குகளைப் போட்டபோது இன்ஜினியர் பெண் படிவத்தை மிக்ஸரின் மேல் வைத்தாள். "பெட்டியில குறையில்லைன்னு எழுதிட்டேன். காரணம்ங்கற இடம் காலியா இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதும் அவருக்கு எட்டாது என்று நினைவு வந்து, கொஞ்சம் உயர்த்தினாள். "கண்ணாடிச் சுவர்னு போடலாம் சார். அது முழுப் பொய்யுமில்ல. ஒரு திரைச்சீலை மாட்டச் சொல்லிருவேன். நீங்க கடைசியில வெச்ச அளவு சரியா இருக்கு, அதையே வெச்சுக்கங்க."

முதலாளி வந்துகொண்டிருந்தார். கம்பி படிவத்தைப் பார்த்தார். கண்ணாடிச் சுவர். பாவம், அது வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை. குமிழுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு கிழித்துக்கொண்டால் போதும், அடுத்த சனிக்கிழமையும் வரலாம். ஆனால் அடுத்த வாரம் வேறு பாடகர், வேறு மைக். அன்றைக்குக் கோடு வேறு இடத்தில் இருக்கும்.

அதற்குள் மைத்துனன் ஓடி வந்தான். முகமெல்லாம் வேர்வை, கையில் அதே ஃப்ளாஸ்க். "அத்தான்! பாத்தீங்களா? எல்லாம் வெந்நீர்தான்! டாக்டருக்கு ஒண்ணும் தெரியல. ரெண்டே வாரம், தொண்டை திறந்துருச்சு! அக்கா, பசங்ககிட்டச் சொல்லிட்டேன், நான் நிறுத்தல."

மனைவி கம்பியைப் பார்த்தாள். முழங்காலில் கை வைக்க அங்கே மேசை மறைப்பில்லை.

"உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்லடா," என்றார் கம்பி. "எப்பவும் ஒண்ணும் இருந்ததில்ல." முதலாளியின் பக்கம் திரும்பினார். "பெட்டியிலயும் இல்ல முதலாளி. எனக்குக் காது கேக்கல. மேல இருக்கற சத்தம் எதுவும் மூணு வருஷமா கேக்கல. கேக்காததால ஏத்தி ஏத்தி வெச்சிட்டேன். அம்மா, எழுதிக்கங்க."

பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. கை நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமாவா?" என்றார் முதலாளி. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. புதுப் பெட்டி வாங்க வெச்சீங்களே!"

"பெட்டின்னுதான் நினைச்சேன்."

"நினைச்சீங்களா?"

கம்பி மிக்ஸரை அணைத்தார்.

மைத்துனன் ஃப்ளாஸ்க்கை மேசையில் வைத்தான். வைத்த வேகத்தில் மூடி உருண்டது. "ரெண்டு வருஷமா என் குரல நானே வெறுத்துக்கிட்டு இருந்தேன் அத்தான். வீட்டுல கதவச் சாத்திக்கிட்டுத் தலகாணிக்குள்ள பாடிப் பழகினேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவுன்னு. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க!"

"எனக்குத் தெரியலடா."

"அக்காவுக்குமா தெரியல?"

அவள் பையிலிருந்து இரண்டு மஞ்சள் கட்டைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், புரிந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

முதலாளி கையை நீட்டினார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கம்பி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க நேரம் பிடித்தது. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சாவியை வாங்கிய முதலாளி அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"அடுத்த வாரத்துக்கு ஆள் பாக்கணும்," என்றார். பிறகு, "வர்றவருக்கு வயரெல்லாம் எங்கெங்க போகுதுன்னு யாராவது காட்டணும். காட்டறீங்களா?"

"காட்டறேன்."

அவருடைய சொந்த வயர்ப் பெட்டி கனமானது. இரண்டு பக்கமும் கைப்பிடி. வழக்கமாக ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மனைவி. பஸ் நிறுத்தம் வரை தூக்கிப் போவார்கள். அவள் குனிவதற்குள் மைத்துனன் வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். பெட்டி நடுவில் ஆடியது. ஒரு திருப்பம் தாண்டியது, இன்னொரு திருப்பம் தாண்டியது. கோபத்தில் அவன் வேகமாக நடந்தான், கம்பி ஈடுகொடுக்க முடியாமல் பாதி ஓடினார்.

நிறுத்தத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மைத்துனன் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் திரும்பியபடியே கேட்டான்.

"மூணாவது பாட்டுல, மேல போற இடம் வருதே. அது நல்லா வந்துச்சா?"

கம்பிக்கு, அருமையாக வந்தது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"எனக்குக் கேக்கலடா."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அவள் காதோர முடியைப் பின்னால் ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நடுங்குச்சு," என்றாள். "அப்புறம் பிடிச்சிக்கிட்ட."